எண்ணம் வந்த வழி

போன வாரம் ஒரு சாயங்காலம், கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மடியில் முறம், பக்கத்தில் குப்பைக்கு ஒரு பழைய பேப்பர். ஒரு கட்டத்தில் குனிந்து பார்த்தால் முறத்தில் காம்புகள் கிடக்கின்றன, பேப்பரில் இலைகள். தாடை இறுகியிருந்தது. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தெரிந்தது, நான் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. ஊரில் வீட்டைப் பாகம் பிரித்தபோது அவர் சொன்ன ஒரு சொல்லுக்கு, ஆறு வருடம் கழித்து, வரிவரியாகப் பதில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக 'சே, என்ன நினைப்பு இது' என்று உதறிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அன்று உதற மனம் வரவில்லை. அது வந்த வழியிலேயே திரும்பிப் போய்ப் பார்த்தேன். சண்டைக்கு முன்னால், ஊர் வீட்டுச் சமையலறையில் அண்ணி நிற்கிறார். அதற்கு முன்னால், அந்த மேடையில் ஒரு பித்தளைக் குடம். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய அம்மாவின் பெயர். அதற்கும் முன்னால்? பழைய இரும்பு, பித்தளை வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுத்துப் போனார். அவ்வளவுதான். பித்தளை என்ற ஒரு சொல் காதில் விழுந்திருக்கிறது.

ஆக, முதலில் வந்தது அம்மாவின் ஞாபகம். அது ஒரு நொடிகூடத் தங்காமல் 'அந்தக் குடம் இப்போது யாரிடம் இருக்கிறது' என்றாகி, அங்கிருந்து பாகப் பிரிவினைக்குத் தாவியிருக்கிறது. அழுகையாக வரவேண்டியது சண்டையாக வந்துவிட்டது. இத்தனை வருடம் அண்ணன்மேல் கோபம் என்று நான் சுமந்ததில் எவ்வளவு கோபம், எவ்வளவு துக்கம் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

எண்ணத்தை அது ஓடும்போதே பிடிக்க முடியாது. 1890இல் வெளிவந்த தம் உளவியல் நூலில் வில்லியம் ஜேம்ஸ், அந்த முயற்சியைச் சுற்றும் பம்பரத்தைக் கையால் பிடிப்பதற்கு ஒப்பிட்டார். பிடித்தால் சுற்று நின்றுவிடும். உண்மைதான். ஆனால் பம்பரம் மண்ணில் கீறிய கோடு இருக்குமே. உடனே பார்த்தால் அது தெரியும்.

அந்த 'உடனே' முக்கியம். அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்து உளவியலாளர் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் 1970களிலிருந்து எண்ணங்களை உடனே குறித்துப் பார்க்கும் ஆய்வைச் செய்துவந்திருக்கிறார். ஆட்களிடம் ஒரு சிறிய பீப்பரைக் கொடுத்தனுப்புவார். எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலிப்பதற்குச் சற்று முன் மனதில் என்ன இருந்ததோ அதை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். தாங்கள் எப்போதும் வார்த்தைகளில்தான் யோசிப்பதாக அடித்துச் சொன்னவர்கள்கூட, குறித்ததைப் பார்த்தபோது வார்த்தையே இல்லாத கணங்களைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். பல்லாண்டு கூடவே இருக்கும் மனம். அதன் நடை நமக்குத் தெரியும் என்று எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம்!

இதைவிட ஆழமாகப் போகிற கேள்வியும் உண்டு. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்தது 'நான் யார்?' என்ற சிறு நூல். எண்ணம் எழுந்தால் அது யாருக்கு எழுந்தது என்று விசாரிக்கச் சொல்கிறது அது. அந்த ஆழத்துக்கு எனக்கு இன்னும் கால் எட்டவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் இப்போதைக்கு முடிகிறது. அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை முடிந்தால் பெரிது. ஆனாலும், கேட்ட அன்று நான் சமைத்த கீரையில் காம்பு இல்லை. பேப்பரில் கிடந்த இலைகளை நிதானமாகப் பொறுக்கி எடுத்தேன்.

அன்று ராத்திரி அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அம்மா குடம் இருக்காண்ணா?"

"இருக்கும்மா. உங்க அண்ணி அதுலதான் தண்ணி பிடிச்சு வைக்கிறா. புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு, பேருதான் பாதி அழிஞ்சுபோச்சு."

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன்.