துளிர்த்த கோல்



சிதம்பரத்திலுள்ள நம் சபைக்கு ஒரு மேய்ப்பர் வேண்டுமென்று சில மாதங்களாக ஜெபித்து வருகிறோம். போன வாரம் கடலூரிலிருந்து பஸ் ஏறி அங்கே போனேன். ஜெபம் முடிந்ததும் ஒரு சகோதரன் என்னைத் தனியே கூப்பிட்டு, "பாஸ்டர், வர்றவர் என்ன ஆளுங்க?" என்று மெதுவாகக் கேட்டார். இன்னொருவர், "படிச்சவருங்களா? நம்ம பக்கத்து ஊருங்களா?" என்றார். "தேவன் அனுப்புகிறவரா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் என் கண்கள் கலங்கின.

எண்ணாகமம் 17-ஐ எடுத்துப் பாருங்கள். கோராகின் கலகத்துக்குப் பிறகும் ஜனங்களின் முறுமுறுப்பு ஓயவில்லை. தேவன் என்ன செய்தார்? ஓட்டு எடுக்கவில்லை. பன்னிரண்டு கோல்களைத் தமது சந்நிதியில் வைக்கச் சொன்னார். எல்லாம் காய்ந்த கட்டைதான்! ஆரோனுடைய கோலும் காய்ந்த கட்டைதான். ஆனால் விடியும்போது அது மட்டும் துளிர்த்து, பூத்து, காய்த்திருந்தது. கட்டைக்கு என்ன மேன்மை இருக்கிறது? ஜீவன் கொடுத்தவருக்கே மேன்மை. அல்லேலூயா!

நம்முடைய கடலூரிலும் ஒரு ஆரோன் பிறந்தார், தெரியுமா? அவருடைய முந்தின பேர் ஆறுமுகம். 1718-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். மறு வருஷமே, 1719-ல், சீகன்பால்கு 36 வயதில் மரித்துப்போனார். ஊழியம் நின்றுபோச்சா? இல்லை! உபதேசியாராக உழைத்த கடலூர் ஆரோன், 1733 டிசம்பர் 28-ல் போதகராக அபிஷேகம் பண்ணப்பட்டார். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் அவரே. 1745-ல் மரிக்கும்வரை கிராமம் கிராமமாக மந்தையை மேய்த்தார். தேவன் ஒருவரை எடுத்துக்கொண்டார், இன்னொருவரை எழுப்பினார்.

அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியாரும் இருந்தார். தஞ்சாவூர் ராணுவத்தில் சேவகம் பண்ணினவர், வேதத்தை வாசித்து மனந்திரும்பினவர். ஆனால் அவருடைய ஜாதியைப் பார்த்து, மனுஷர் அவருக்குப் போதகர் பட்டம் கொடுக்கத் தயங்கினார்கள். கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார். ஆனாலும் தஞ்சாவூரில் அவர் ஊழியம் கனி கொடுத்தது. மனுஷன் கொடுக்காத பட்டத்தினால் தேவனுடைய தெரிந்துகொள்ளுதல் கெட்டுப்போகாது. ஆனால் கொடுக்க மறுத்தவர்களுக்கு அது வெட்கமாக நிற்கிறது. "என்ன ஆளு" என்ற கேள்வியை நாம் மறுபடியும் சபைக்குள் கொண்டு வரலாமா?

பிரியமானவர்களே, தெரிந்துகொள்ளுகிற தேவன் தாங்கவும் செய்கிறார். எதைக்கொண்டு தாங்குகிறார்? யாத்திராகமம் 17-ல் மோசேயின் கைகள் தளர்ந்தபோது, ஒரு பக்கம் ஆரோன், ஒரு பக்கம் ஊர். வானத்திலிருந்து கயிறு இறங்கவில்லை, சகோதரர்களின் கைகளையே தேவன் உபயோகித்தார். இன்னொன்றும் பாருங்கள். ஆசாரிய வஸ்திரம் உடுத்துவதற்கு முன்னே, ஆரோன் இன்னொருவருடைய கையைத் தாங்கக் கற்றுக்கொண்டான். அவனே பிற்பாடு பொன் கன்றுக்குட்டி விஷயத்தில் தவறினான். மோசே அதை மூடி மறைக்கவில்லை, முகத்துக்கு நேரே கேட்டான். கேட்டுவிட்டு, அவனுக்காக ஜெபமும் பண்ணினான் (உபாகமம் 9:20). தெரிந்துகொள்ளப்பட்டவனும் கேள்விக்கு மேலானவன் அல்ல. கேட்கிறவனும் ஜெபிக்காமல் இருக்கக்கூடாது.

சிதம்பரத்துக்கு வரப்போகிறவர் யாரென்று எனக்கும் தெரியாது. நானும் மனசுக்குள் ஒருவருடைய பேரை வைத்திருந்தேன். அந்தப் பேரையும் கர்த்தருடைய சமுகத்தில் வைத்துவிட்டேன். நீங்களும் உங்கள் கோலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள். ராத்திரி அவருடையது. காலையில் எது துளிர்த்திருக்கிறதோ, அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், இரண்டு கைகளையும் நீட்டி ஏற்றுக்கொள்வோம்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.