கட்டடத்தின் வயதும் சேரியின் வயதும்

என் சின்னம்மா சித்தாள். இருபது வயசில் தலையில் ஏற்றிய பாண்டு சட்டியை ஐம்பத்தைந்து தாண்டியும் இறக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், சென்னையில் நூறு வருஷத்துக்கு மேல் பழசான ஒரு கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே சிமெண்ட் கூடாது. சுண்ணாம்பை ஊறப்போட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து பூசணும். சுண்ணாம்பு பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிருக்கும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே ஒருநாள் சொன்னார்:

"சிமிட்டி ஏன் ஆவாதுன்னு இஞ்சினியர கேட்டேன் கண்ணு. 'கட்டும்போது எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே திருப்பிக் குடுக்கணும்மா, அதான் ரூல்ஸு'ன்னாரு. சரி சார், கூவத்தாண்ட எங்க வூடு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே திருப்பிக் குடுக்க எதுனா ரூல்ஸு கீதான்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போய்ட்டாரு."

அந்த வீடு 2018இல் இடிக்கப்பட்டது. இப்போது அவர் இருப்பது பெரும்பாக்கத்தில், ஆறாவது மாடியில். இருட்டோடு எழுந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, 20 கிலோமீட்டருக்கு மேல் வந்து, தான் பிறந்து வளர்ந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நின்று, வேறு யாருடைய பழமைக்கோ சுண்ணாம்பு அரைத்துவிட்டுத் திரும்பிப் போவார்.

சின்னம்மாவின் கேள்விக்கு இஞ்சினியர் சிரித்தார். சிரிக்காமல் பதில் சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை.

1

ஒரு கட்டடத்துக்கு வயது கூடக்கூட மரியாதை கூடுகிறது. நூறு வயதானால் அதைத் தொடக் குழு வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கென 2012இல் ஒரு சட்டமே வந்தது. நல்லது. ஆனால் சேரிக்கு வயது கூடினால்? எங்கள் ஆயா அந்தக் கரையில்தான் பிள்ளை பெற்றார். அம்மாவும் அங்கேதான், நானும் அங்கேதான். மூன்று தலைமுறை. நோட்டீஸில் எழுதியிருந்த வார்த்தை 'ஆக்கிரமிப்பாளர்'. கட்டடத்தின் வயது உரிமை ஆகிறது. எங்கள் வயது குற்றப்பத்திரிகை ஆகிறது. 'இத்தனை வருஷமா இருக்கிறோம்' என்று நாங்கள் சொன்னால், 'இத்தனை வருஷமாகத் தவறு செய்திருக்கிறீர்கள்' என்று அதற்கு அர்த்தம் வந்துவிடுகிறது.

காலம் என்பது எல்லோருக்கும் பொது என்றுதான் நினைக்கிறோம். அது பொய். காலத்தைச் சொத்தாகச் சேர்த்துவைக்க முடிந்தவர்கள் உண்டு. காலம் முழுக்க உழைத்தும் ஒருநாளைக்கூடக் கணக்கில் ஏற்ற முடியாதவர்களும் உண்டு. 'பாரம்பரியம்' என்ற சொல்லிலேயே பரம்பரை இருக்கிறது. பரம்பரையாகக் கைமாறுவதற்கு முதலில் ஏதாவது கையில் இருக்கணும். கல் வீடு கட்டக் காசும் இல்லை; காசு வந்தாலும் ஊர்த்தெருக்காரன் கண் முன்னால் காரை வீடு எழுப்ப விடவில்லை. ஓலையும் மண்ணும்தான் எங்களுக்கு விதிக்கப்பட்ட பொருள்கள். ஓலை மக்கும், எரியும். அப்புறம் வந்து, 'உங்களுக்கு என்ன அடையாளம் இருக்கிறது, காட்டு' என்றால் எதைக் காட்டுவது?

கல்லில் எங்கள் பெயர் இல்லாமலும் இல்லை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் கல்வெட்டுப் பாடம் நடந்தபோது தெரிந்துகொண்டேன். தஞ்சைப் பெரிய கோயிலில், ஊர்களின் நிலத்தை அளந்து, வரி விதிக்காத இடங்களைக் கழித்துச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது, சுடுகாடும் அதே வரிசையில் வருகிறது. 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்தக் கல்லே சாட்சி சொல்கிறது: சேரி ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்தது, கணக்கில் கழிக்கப்பட வேண்டியதாக இருந்தது. கல்வெட்டு பாரம்பரியம். கல்வெட்டில் இருக்கிற சேரி ஆக்கிரமிப்பு.

2

சென்னை நகரத்தின் சரித்திரத்தை இடித்த இடங்களின் சரித்திரமாகவும் படிக்கலாம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள்; 1749இல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. அதை ஒட்டிய ஆண்டுகளில், கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. எதிரி ஒளிந்துவர முடியாதபடி கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமாம். அந்த வெட்டவெளியில்தான் 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம் நிற்கிறது. செங்கல் சிவப்பும் கோபுரங்களும் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீதி கேட்டுப் படி ஏறுகிற ஒவ்வொருவரும் இடிக்கப்பட்ட ஒரு குடியிருப்பின் மேல்தான் ஏறுகிறார்கள்.

1900இல் திறந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போயிற்று. கட்டடத்தின் நினைவாக ஒரு சின்ன மாதிரி உருவம் வைத்திருக்கிறார்கள். பழைய புத்தகக் கடைக்காரர்களை பக்கத்து லில்லி பாண்ட் வளாகத்துக்கு மாற்றினார்கள். எம்.ஏ. பாடப் புத்தகங்களை நான் பாதி விலைக்கு வாங்கியது அங்கேதான். கட்டடத்துக்கு பொம்மையாவது மிஞ்சியது. அங்கே கூவி விற்றவனின் குரலுக்கு எந்த மாதிரி உருவம் செய்வார்கள்?

வடசென்னைக்கு வாருங்கள். பெரம்பூர் பக்கத்தில் பக்கிங்காம் மில் 1876இல் வந்தது, கர்நாடிக் மில் 1881இல் வந்தது. இரண்டையும் சேர்த்து எங்கள் சனம் பின்னி மில் என்று சொல்லும். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் பக்கமாகச் சொல்லப்படும் மெட்ராஸ் லேபர் யூனியன் 1918இல் இந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி தொழிலாளியாக மட்டும் இருக்கவில்லை; சாதியாகப் பிளந்தான். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1996இல் மில் மூடப்பட்டது. இப்போது அந்த நிலத்தில் வானம் முட்டும் அடுக்கு வீடுகள். மில்லின் சிவப்புச் சுவரில் ஒரு துண்டை நிறுத்திவைத்து, 'இங்கே ஒரு ஆலை இருந்தது' என்று நாளைக்கு யாராவது பலகை மாட்டலாம். அந்தப் பலகையில் 1921இல் எரிந்த குடிசைகளுக்கு ஒரு வரி கிடைக்குமா? சுவரின் நினைவு சுகமானது. தீயின் நினைவு யாருக்கோ உறுத்துகிறது.

3

இந்த இடத்தில் என்னை நானே மறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'அப்படியானால் சேரியையும் பாரம்பரியம் என்று அறிவித்துப் பாதுகாக்கணுமா?' என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வேன்?

கூடாது என்றுதான் சொல்வேன். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு முன்னால் எழுந்து நின்ற அம்பேத்கர், அது அறியாமையும் குறுகிய புத்தியும் குடியிருக்கிற கிடங்கு என்ற பொருளில் பேசினார். அவர் வழி வந்த நாம், சேரியை மட்டும் 'வாழ்வியல்' என்று கொஞ்ச முடியாது. சேரி நாம் தேர்ந்தெடுத்த கட்டடக்கலை அல்ல. நம்மை ஒதுக்கியவர்கள் போட்ட வரைபடம்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை, திட்டு வாங்கிக் கற்றேன். இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு துண்டறிக்கை எழுதினேன். 'எங்கள் மண்ணை விடமாட்டோம்' என்று தலைப்பு. சின்னம்மா படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "இன்னா மண்ணு? மழ பெஞ்சா முட்டி வரைக்கும் சாக்கடத் தண்ணி. வயசுக்கு வந்த பொண்ணுங்க விடியறதுக்குள்ள ஒதுங்கணும். படிச்சவதானே நீ? உனக்கு அந்த மண்ணு வேணும்னா நீ இருந்துக்கோ" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெரும்பாக்கத்து வீட்டில் அவருக்குப் பிடித்தது எது தெரியுமா? தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ். அந்தத் தாழ்ப்பாளைக் கேலி செய்கிற எந்த அரசியலும் எனக்கு வேண்டாம்.

அதே சின்னம்மாதான் ஆறு மாசம் கழித்து, "என்னெ இங்க கொண்டாந்து கொட்டிட்டாங்க" என்று அழுதார். முரண்பாடா? இல்லை. வீடு வேண்டும் என்பதும், விரட்டாதே என்பதும் ஒரே ஆளின் இரண்டு நியாயங்கள். அரசாங்கம் முதல் நியாயத்தைக் காட்டி இரண்டாவதை அழிக்கிறது. நம்மில் சிலர் இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறைக்கிறோம். இரண்டு பேருமே அவளை முழு ஆளாகப் பார்ப்பதில்லை. வெளியேறுவது விடுதலையாக இருக்கலாம். வெளியேற்றப்படுவது ஒருநாளும் விடுதலை ஆகாது. எங்கே போவது என்று சொல்கிற வாய் யாருடையது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

4

அப்படியானால் 'இடம்' என்று நாம் எதைக் கேட்கிறோம்? மண்ணை அல்ல, சுவரை அல்ல. கிட்டத்தைக் கேட்கிறோம். காய்ச்சல் வந்தால் நடந்துபோகிற தூரத்தில் பெரியாஸ்பத்திரி. மீன் வாங்கி விற்க சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட். பாத்திரம் தேய்க்கிற நாலு வீடு. பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம். அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்கிற பக்கத்து வீட்டு அக்கா. இதெல்லாம் சேர்ந்ததுதான் இடம். இதற்குச் சுண்ணாம்புப் பூச்சு கிடையாது. எனவே பாரம்பரியக் குழுவின் கண்ணில் படாது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டே, நடைபாதைவாசிகளை முறைப்படி அகற்றலாம் என்றும் சொன்னது. அன்றிலிருந்து இன்றுவரை, உரிமை தீர்ப்பில் இருக்கிறது, புல்டோசர் தெருவில் இருக்கிறது.

முடியாத காரியத்தையா கேட்கிறோம்? குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித்தரும் வேலையைச் செய்தது. நகரத்தின் நடுவில் அப்படி எழுந்த குடியிருப்புகள் பலவற்றை இன்றும் பார்க்கலாம். பிறகு நிலத்தின் விலை ஏறியது. 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், அதன் பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம் என்று எங்களைத் தெற்கே தள்ளிக்கொண்டே போனார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றங்கரை மக்களைக் கொண்டுபோய் விட்டது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பக்கத்தில். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே வருஷம் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்ககத்தில், புதுச்சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிர்வதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நூறு வருஷத்துச் சுவருக்கு கடுக்காயும் வெல்லமும் ஊற்றத் தெரிந்த நகரத்துக்கு, எங்கள் சுவருக்குச் சிமெண்டைச் சரியாகக் கலக்கத் தெரியாமல் போய்விட்டதா? தெரியாமை அல்ல இது. யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று தெரிந்து செய்த கலவை.

2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். ஓவியர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பிள்ளைகள் ரசிக்கிறார்கள். ஆனால் கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்கிற அந்தப் பிள்ளைகளின் கஷ்டத்தை எந்த நிறத்தால் பூசுவது?

5

பழைய கட்டடங்கள் இடிந்து விழட்டும் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் சின்னம்மாவே விடமாட்டார். வேலை முடிகிற சமயத்தில் ஒருநாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். மழமழவென்று பளிங்கு மாதிரி இருந்தது சுவர். "தொட்டுப் பாரு, நாங்க போட்டது" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமை பொய்யில்லை. முதல் தடவை அந்தச் சுவரை எழுப்பியபோதும் மண் சுமந்தவர்கள் அவரைப் போன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பலகையில் கவர்னர் பெயர் இருக்கும், என்ஜினியர் பெயர் இருக்கும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தத் தொடங்கியபோது செய்தது என்ன? நம்மேல் பூசப்பட்ட பெயரைச் சுரண்டி, அடியில் வேறு ஒரு சரித்திரம் இருப்பதாகக் காட்டியதுதான். பாரம்பரியத்தை மறுப்பதல்ல, அதன் மேற்பூச்சைச் சுரண்டிப் பார்ப்பதுதான் நாம் அவரிடமிருந்து கற்கவேண்டிய வேலை.

எனவே ஒரு அளவுகோலை முன்வைக்கிறேன். ஒரு தெருவை, ஒரு ஆற்றை, ஒரு கட்டடத்தை மீட்டெடுத்தோம் என்று யார் சொன்னாலும் கேளுங்கள்: அதற்குச் சுண்ணாம்பு அரைத்தவள் வேலை முடிந்து நடந்தே வீட்டுக்குப் போக முடிகிறதா? முடிந்தால் அது மீட்டெடுப்பு. முடியாவிட்டால், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அது வெறும் பூச்சு. இந்த அளவுகோலால் அளந்தால் இந்த நகரத்தில் எத்தனை தேறும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

போன மாசம் இன்னொரு கரையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று சேதி வந்தது. துண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். இந்தமுறை எழுதுவதற்கு முன்னாலேயே சின்னம்மாவுக்குப் போன் போட்டு, என்ன தலைப்பு வைக்கலாம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"வூட்ட மாத்து, பஸ் ஸ்டாப்ப மாத்தாதேன்னு எழுதுமே."

அப்படியே எழுதினேன்.