முகத்திற்கு ஏற்ற ஒளி

கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய நாள்களில், ஆண்டு விழாவை வீடியோக் காமிராவில் பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. பதிவைப் பெற்றோருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு தாய், "ஐயா, என் மகள் எங்கே?" என்று கேட்டார். வெள்ளைத் திரையின் முன்னே ஆடியவள் அக்கறுத்த சிறுமி. திரையின் மடிப்புகள்கூடத் தெளிவாய்த் தெரிந்தன. அவள் முகம் மட்டும் தெரியவில்லை.

காமிராவைத் தானியங்கி முறையில் விட்டிருந்தேன். அம்முறையில் கருவி காட்சி முழுவதற்கும் சராசரி கண்டு, அதனை நடுத்தரச் சாம்பல் நிறத்திற்குக் கொண்டுவர முயலும். ஒளிப்படக்காரர் அளவாய்க் கொள்ளும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பித் தருவது. வெண்மை மிகுந்திருந்ததால் கருவி வில்லையின் துளையைச் சுருக்கிக்கொண்டது. அதற்கு வஞ்சனை ஏது? பெரும்பான்மைக்குப் பணிந்தது, அவ்வளவே.

எனினும், அளவுகோல்களுக்கும் வரலாறு உண்டு. கோடக் நிறுவனம் 1950-களிலிருந்து அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் நெடுங்காலம் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்பது அதற்கு வழங்கிய பெயர். அவள் மேனி சரியாய் வந்தால் எல்லாம் சரியென்பது வழக்கம். கருமேனியின் நுணுக்கங்களைப் படச்சுருள் ஏற்கத் தொடங்கியதற்குச் சாக்லேட்டு, மரத்தளவாட உற்பத்தியாளர்களின் முறையீடும் ஒரு காரணம் என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் எழுதினார். மனித முகத்திற்கு முன்னே மேசைக்கு நீதி கிடைத்திருக்கிறது!

மறு ஆண்டு கைமுறைக்கு மாறினேன். குழல்விளக்கின் மினுக்கம் படியாதிருக்க ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்கில் நிறுத்தினேன். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி அல்லவா? துளை எண்ணை 5.6-இலிருந்து 4-க்குக் கொணர்ந்தேன், ஒளி இருமடங்காயிற்று. முகம் வந்தது, திரை வெளுத்தது. பத்துமலையின் 272 படிகளை ஏறிக் குகைக்குள் நின்று வாயிலை நோக்கிப் படம் எடுப்போரும் இதனை அறிவர். வானத்தைக் காத்தால் காவடி எடுப்பவர் நிழலாவார். அவரைக் காத்தால் வானம் பாழாகும். எதனை இழப்பது என்று யாரேனும் முடிவு செய்தே ஆகவேண்டும். அம்முடிவைக் கருவியிடம் விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். யாவர்க்கும் ஒரே அளவு என்பதை நடுநிலை என்று வகுப்பறையிலும் நம்பியிருந்த எனக்கு இது உறுத்தலாயிற்று.

பின்னர் வேறொரு குழப்பம். வெற்றி தந்த களிப்பில் அடுத்த விழாவில் துளையை மேலும் திறந்தேன், பெற்றோர் மகிழ்ந்தனர். அச்சிறுமியோ படத்தைப் பார்த்துச் சிரித்து, "நான் இவ்வளவு வெள்ளையா ஐயா?" என்றாள். திருமணப் பதிவுகளில் மணமகளை வெளுக்க வைப்போரைக் குறை கூறிவந்த நான் நாணிப் போனேன். முன்பு அவளை இருளில் மறைத்தேன். இப்போது வெளிச்சத்தில் மறைத்திருந்தேன். அவளுக்காகத் திறந்தேனா, என் கண்ணுக்குப் பழகிய அழகுக்காகத் திறந்தேனா என்பதற்கு இன்றும் என்னிடம் விடையில்லை.

அதன்பின், விழாவிற்கு முன்னரே மாணவரை மேடை விளக்கின்கீழ் நிறுத்தி, துளையைச் சரிசெய்து, சிறுதிரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவது என் வழக்கமாயிற்று. முதலில் நின்றவள் அவளே. நெடுநேரம் உற்றுப் பார்த்தவள், "இன்னும் கொஞ்சம் குறையுங்கள், ஐயா," என்றாள்.