எரிகிற விளக்கை மறைக்காதீர்கள்

லொறி முதலாளிமாரே, சாரதிமாரே, கராஜ் வைத்திருக்கும் தம்பிமாரே! ஐப்பசி வரப்போகிறது. மழை இறங்கிவிட்டால் ஏ9 வீதி இரவில் வேறு வீதி. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். உங்கள் லொறியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எத்தனை நாளாக எரிகிறது?

சிலர் அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டியிருக்கிறீர்கள். சிலர் ஸ்கானர் உள்ளவரிடம் போய், எஞ்சின் கணினி பதிந்த பிழைக்குறியை அழிப்பித்துவிட்டு, அன்றிரவே சுன்னாகத்தில் வெங்காயம் ஏற்றித் தம்புள்ளைக்கு விட்டிருக்கிறீர்கள். விளக்கு அணைந்தது, வருத்தம் அணையவில்லை. குறி அழிந்தது, குற்றம் அழியவில்லை. “பிறகு பார்ப்பம்” என்றீர்கள். அந்தப் பிறகு எப்போது வரும்?

எனக்குத் தெரிந்த ஒரு லொறி மூன்று மாதம் இப்படியே ஓடியது. பாரம் ஏற்றி ஆனையிறவைத் தாண்டினால் இழுவை போய்விடும். சாரதி ஓரங்கட்டி, எஞ்சினை ஒருமுறை நிறுத்தித் திறப்பைத் திருப்புவார், மறுபடி ஓடும். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துவார். கும்பிட்டது சரி. எஞ்சின் மூடியைத் திறந்து பாராமல் கும்பிட்டதுதான் பிழை. எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சரை இரண்டு தரம் மாற்றினார்கள். இரண்டு தரமும் விளக்கு திரும்பி வந்தது.

கடைசியில் தென்மராட்சியில் ஒரு சின்னக் கராஜ். அங்கிருந்த பொடியன் எதையும் அழிக்கவில்லை. முதலில் குறியைக் கொப்பியில் எழுதினான்: பி0192. அந்தச் சென்சரிலிருந்து வரும் மின்னழுத்தம் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே விழுகிறது என்பது அதன் பொருள். பிழை விழுந்த நேரத்தில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் இருந்தது என்று கணினி பதிந்து வைத்திருந்ததையும் வாசித்தான். குறியை அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும்; அழிக்கிற கைகளே, இதைக் கேளுங்கள். பிறகு மீற்றரை வைத்தான். சென்சருக்கு வரவேண்டிய 5 வோல்ற் வந்தது. ஏர்த் சரி. எஞ்சினை ஓடவிட்டு, வயர்க்கட்டைச் சாண் சாணாகக் கையால் அசைத்துக்கொண்டே போனான். ஓரிடத்தில் அளவு சட்டென்று விழுந்தது. அங்கே ஓர் இரும்புப் பட்டையில் வயர் உரசி உரசித் தோல் போய், செம்பு பச்சை பூத்திருந்தது. குலுங்கும்போது இரும்பைத் தொடும், குலுக்கம் நின்றால் விலகும். அரை மணித்தியால வேலை! செம்பைச் சுத்தமாக்கி இணைத்து, உறை போட்டு, இனி உரசாதபடி விலக்கிக் கட்டினான். அத்தோடு விடவில்லை, பாரத்தோடு ஆனையிறவைத் தாண்டி ஓட்டிப் பார்த்துத்தான் திறப்பைக் கொடுத்தான்.

அந்தச் சென்சர்கள் இரண்டும் நல்லவை. சாட்சி சொன்னவரை இரண்டு தரம் தண்டித்தோம், குற்றவாளியைத் தேடவில்லை.

உறவுகளே, நாங்கள் வாழ்வது கடல் சூழ்ந்த மண். ஆனையிறவில் இரு பக்கமும் உப்புக் காற்று. அது கனெக்டர் ஊசிகளையும் ஏர்த் வயரின் முனையையும் ஓசையில்லாமல் தின்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025இல்தான் மறுபடி திறந்தது. இத்தனை ஆண்டும் பழைய லொறிகளிலேயே எங்கள் பிழைப்பு ஓடியது. பழைய வயர்களை நம்பியே ஓடியது. ஆனால் எல்லாப் பிழையும் வயரில் இல்லை. வேறொரு குறியும் உண்டு, பி0087. அங்கே எரிபொருள் அழுத்தமே உண்மையில் குறைவு: பில்ற்றர் அடைத்திருக்கலாம், டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். அதற்கும் சென்சரையே கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓடுகிற லொறி நடுவீதியில் நின்றால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டியரிங் இறுகும். பிரேக்குக்குத் துணை செய்யும் காற்று, ஏற்கெனவே தாங்கியில் உள்ளது மட்டும்தான். பின்னால் இரவு பஸ் வரும். மோட்டார் சைக்கிளில் தாயும் பிள்ளையும் வருவார்கள். அவர்களுக்கு யார் பதில் சொல்வது? சாரதி மட்டுமா? பாரம் பிந்தக்கூடாது என்று நெருக்கிய வியாபாரி, செலவுக்குப் பயந்த முதலாளி, காசுக்காகக் குறியை அழித்த கராஜ்காரன், பார்த்தும் பேசாதிருந்த நாங்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

எங்களுக்குக் கெட்டித்தனம் இல்லையென்று சொல்லாதீர்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஏ40 கார்களை ஓடவைத்தவர்கள் எங்கள் தகப்பன்மார். ஸ்கானர் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. எஞ்சினின் சத்தத்துக்குக் காது கொடுத்தார்கள், காரணம் காணும்வரை விடவில்லை. அந்தப் பொறுமை எங்கே போனது?

சாரதிமாரே, விளக்கு எப்போது எரிந்தது, சூட்டிலா மழையிலா, பாரத்திலா வெறுமையிலா என்று எழுதுங்கள். கராஜ்காரத் தம்பிமாரே, எழுதாமல் அழிக்காதீர்கள், அளக்காமல் மாற்றாதீர்கள். முதலாளிமாரே, ஒரு நாள் லொறி நின்றால் ஒரு நாள் வாடகைதான் போகும்.

இன்றிரவும் சுன்னாகத்தில் சாமான் ஏற்றுவார்கள். உங்கள் லொறியில் அந்த விளக்கு எரிந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், ஏற்றிய மூட்டைகளை இறக்கிவிட்டு முதலில் எஞ்சின் மூடியைத் திறவுங்கள்.