கட்டமும் பூவும்: தெரிவின் அறம்

பெருநாள் நெருங்கினால் பிடவைக் கடைகளில் ஒரே கேள்விதான்: "இதில் வேறு டிசைன் இல்லையா?" துணியின் தரத்தைத் தொட்டுப் பார்ப்பவர் குறைவு. கோடா, கட்டமா, பூவா என்பதே முதலில் கண்ணில் படுகிறது. இது அவரவர் விருப்பம், இதில் நன்மை தீமை பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது என்பதே என் எண்ணம்.

விருப்பம் எங்கிருந்து வருகிறது? பிறரைப் போல் இருக்கும் ஆசையும் பிறரிலிருந்து வேறுபடும் ஆசையும் சேர்ந்தே நவநாகரிகத்தை உருவாக்குகின்றன என்று ஜேர்மனியச் சிந்தனையாளர் ஜோர்ஜ் சிம்மல் 1904இல் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கினார். பக்கத்து வீட்டுப் பிள்ளை உடுத்ததைப் போன்றதே வேண்டும். ஆனால் அதுவாகவே இருக்கக் கூடாது. நம் பெருநாள் சந்தையும் இப்படித்தான் நடக்கிறது.

விருப்பம் தனிமனிதரோடு நிற்பதுமில்லை. நாம் பளையக்காட் என்று சொல்லும் கட்டம் போட்ட சாரனின் பெயர், சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் 1613இல் அங்கு கெல்திரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் துணிகளைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் வாசனைத் திரவியங்களுக்கு மாற்றினர். ஒவ்வொரு தீவாருக்கும் ஒவ்வொரு நிறமும் கோலமும் பிடித்திருந்தன. பிடிக்காத கோலம் விலைபோகவில்லை. ஆகவே மாதிரித் துணிகள் கடல் கடந்து வந்தன. அவற்றைப் பார்த்து, அத்தீவுகளைக் கண்டேயிராத நெசவாளி தன் தறியை மாற்றினான்.

அத்தகைய நெசவாளி நமக்குத் தூரத்தில் இல்லை. அம்பாறை மாவட்டத்து மருதமுனையின் கைத்தறிச் சாரனும் சாரியும் நாடறிந்தவை. கைத்தறியில் கட்டத்தின் பாதி, நெய்யத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த நிற நூல் எத்தனை இழை என்று கணக்கிட்டுப் பாவு ஓட்டிய பின், அந்தப் பாவு தீரும்வரை அதன் நிறக்கோடுகளை மாற்ற இயலாது. ஊடையின் நிறத்தை மட்டுமே மாற்றலாம். அச்சுத் துணி விற்காவிட்டால் அடுத்த கோலத்தை அச்சிடலாம். நெசவாளிக்கோ நூலும் நாட்களும் முடங்கிவிடும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் வந்து குவிந்த மலிவுத் துணி உள்ளூர்த் தறிகளை நெருக்கியது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி மருதமுனையின் வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. "பழைய டிசைன்" என்று கடையில் நாம் ஒதுக்கும் சொல் இத்தகைய வீடுகளுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

அதற்காக, விரும்பாததை இரக்கப்பட்டு வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாலு பிள்ளைகளுக்கு உடுப்பெடுக்கும் ஏழைத் தாய் மலிவானதைத்தான் பார்ப்பாள். ஆண்டு முழுவதும் வெள்ளைச் சீருடையில் என் வகுப்பில் இருக்கும் பிள்ளை பெருநாளைக்குப் பூப்போட்ட சட்டை கேட்பதில் என்ன குற்றம்? நல்ல உடையை விரும்புவது பெருமையாகுமா என ஒருவர் கேட்டபோது, அல்லாஹ் அழகை நேசிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) எடுத்துரைத்தார்கள். உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் விளக்கினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இது பதிவாகியுள்ளது. பூச்சாரியைக் கண்டு ஈமானைச் சந்தேகிப்பவரும், கறுப்பு ஹபாயாவைக் கண்டு அறிவைச் சந்தேகிப்பவரும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

இன்னொரு நிகழ்ச்சி ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது. புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கோலமிட்ட போர்வையொன்றுடன் தொழுத நபியவர்கள், அக்கோலம் தமது கவனத்தைத் திருப்பியதால், அதை அபூ ஜஹ்மிடம் கொடுத்துவிட்டு அவரது கோலமற்ற தடித்த போர்வையை வாங்கிவரச் சொன்னார்கள். கோலமிட்ட போர்வை அபூ ஜஹ்ம் அன்பளித்தது. திருப்பி அனுப்பியதோடு நின்றிருந்தால் அவர் மனம் வருந்தியிருப்பார். அதனாலேயே வேறொன்றைக் கேட்டுப் பெற்றார்கள் என விரிவுரையாளர்கள் கூறுவர். தமக்கு ஏற்காததை ஒதுக்கும் உரிமையை நபியவர்கள் விட்டுவிடவில்லை. ஒதுக்கும்போது மறுபக்கத்தில் ஒரு மனிதர் இருப்பதை மறக்கவுமில்லை.

நம் தெரிவுக்கும் இந்த அளவு போதும். பிடித்ததை எடுப்போம். எடுக்குமுன், இது எங்கே நெய்தது, யார் நெய்தது என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்போம். பத்துப் பேர் கேட்டால் அவர் மருதமுனைக்குச் சொல்லியனுப்புவார். ஊரார் எந்தக் கோலத்தை விரும்புகிறார்கள் என்பது பாவு ஓட்டுமுன்பே தறிக்காரருக்குத் தெரியவரும். பழவேற்காட்டு நெசவாளிக்கு அன்று தீவாரின் மாதிரித் துணி செய்த உதவி அது.