எண்ணில் வராத ஒருவர்

தாவீது அரசர் தம் படைவலிமையை அறிய மக்களை எண்ணியது குற்றமாயிற்று. நூறு ஆடுகளில் ஒன்று குறைவதை ஆயன் அறிந்ததும் எண்ணியதால்தான், அது அன்பாயிற்று. எதற்காக எண்ணுகிறோம் என்பதே அறத்தின் கேள்வி.

அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1981-இல் சென்னை நகருக்கெனப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. 2012-இல் தொடங்கிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் அப்பணியை மாநிலம் முழுமைக்கும் விரித்தது. நிணநீர்க் கணுக்களில் தோன்றும் லிம்போமாவும் அதில் பதிவாகிறது. ஓராண்டில் இலட்சம் பேருக்கு எத்தனை பேர் புதிதாக நோயுற்றனர் என்பதே வீதம். திருச்சுழிக்காரர் மதுரையில் நோய் அறியப்பட்டுச் சென்னையில் மருத்துவம் பெற்றாலும், ஒருமுறையே, தம் ஊருக்குரியவராகவே எண்ணப்படுவார்.

ஆயினும் எவரும் பொய் சொல்லாமலேயே எண் குறையலாம். கழுத்தில் வலியின்றித் தோன்றும் கட்டி காசநோயாகவும் இருக்கலாம், லிம்போமாவாகவும் இருக்கலாம். கட்டியின் திசுவைச் சோதித்தாலன்றி உறுதி கூற இயலாது. அருப்புக்கோட்டையில் தறி நெய்பவரும், திருச்சுழிப் பக்கம் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவரும் ஒருநாள் கூலியை இழந்து மதுரைக்குப் பேருந்தேறத் தயங்குவர். சோதிக்கப்படாமலே இறப்பவர் பதிவேட்டில் ஏறுவதில்லை. இந்த வானம்பார்த்த பூமியில் நோய் குறைவு என்று அட்டவணை கூறிவிடும். குறைவான இடத்திற்கு மருத்துவ வசதி எதற்கு என்ற எண்ணமும் எழும். இவ்வாறு வறுமை மனிதரை எண்ணிலிருந்து மறைக்கிறது. அம்மறைவே வறுமையை நீட்டிக்கிறது.

ஆகவே, சிறிய எண்ணைக் கண்டு மகிழுமுன் அது நலத்தின் அடையாளமா, மருத்துவம் எட்டாமையின் அடையாளமா எனக் கேட்பது நம் கடமை. லிம்போமாவில் பல வகைகள் உரிய மருத்துவத்தால் குணமாகக்கூடியவை. கட்டி கரையாத அயலாருடன் மதுரைவரை துணைக்குச் செல்பவர் ஓர் உயிரைக் காக்கலாம். மாநிலத்தின் கணக்கையும் மெய்யாக்குகிறார்.