பழைய மிஷினும் பாக்கி வேலையும்

கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் செயின்சா இல்லாத தெருவைப் பார்ப்பது அபூர்வம். 2018 நவம்பர் 16-ம் தேதி விடிவதற்குள் லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்துவிட்டன. விழுந்ததை விழுந்த இடத்திலேயே விட்டுவைக்கவும் முடியாது. மட்கும் தண்டுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது வண்டாகி வெளியே வந்தால், புயலுக்குத் தப்பி நிற்கும் நாலு மரத்தின் குருத்தையும் குடைந்துவிடும். மரம் அறுக்க வெளியூர் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கேட்ட கூலி தோப்பைப் பறிகொடுத்தவனுக்குக் கட்டுப்படியாகிற கூலியாக இல்லை. நகையை அடகு வைத்தவர்கள் வைத்து, கைமாற்று வாங்கியவர்கள் வாங்கி, ஆளுக்கொரு மிஷின் எடுத்தோம்.

அந்த மிஷின்கள் எல்லாம் இப்போது எங்கே என்று கேட்டால், மாட்டுக்கொட்டகைப் பரணில், மோட்டார் ரூமில், உரச்சாக்குக்குப் பின்னால். கயிற்றை இழுத்தால் தோள்பட்டை வலிக்கிறதே தவிர ஸ்டார்ட் ஆவதில்லை. எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு மிஷின் இப்படிக் கிடக்கிறது. என்னுடையதும் அதில் ஒன்று. 35 சிசி, பதினாறு அங்குல பார், பிளாஸ்டிக் உடம்பு. வீட்டு உபயோகத்துக்கு என்று கம்பெனிக்காரர்கள் செய்த மிஷினைத்தான் ஒரு தோப்பையே அறுத்துத் தள்ளப் பயன்படுத்தினோம்.

போன ஐப்பசி மழையில் கொல்லைப் பூவரசு முறிந்து வேலிமேல் விழுந்தபோது பேச்சு கிளம்பியது. "இரும்புக் கடைக்குப் போடுங்க, இடமாவது மிஞ்சும்" என்றாள் மனைவி. "ஆன்லைன்ல ஆறேழாயிரத்துக்கு 58 சிசி வருது மாமா, எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்றான் மச்சினன் மகன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் பக்கத்தில் நியாயம் எதுவும் இல்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மனசு வராமல் இருப்பது ஒரு காரணமாகுமா என்பதுதான் நான் யோசித்துப் பார்த்த கேள்வி. நாட்டில் எல்லோரும் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: ரிப்பேர்ச் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசே வாங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ரூபாய் மட்டும்தான் வருகிறது. மிஷின் எப்படிச் செத்தது என்பது வருவதில்லை. இனிமேல் அதற்கு என்ன வேலை என்பதும் வருவதில்லை. என்னைக் கேட்டால், ரூபாய்க் கணக்குக்கு முன்னால் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

எப்படிச் செத்தது என்பதைக் கண்டுபிடிக்கச் செலவு எதுவும் இல்லை. மிஷினைப் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். பட்டறைத் தம்பி முதலில் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. மிஷினைக் கயிற்றுக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் பார்த்தான். விறுவிறுவென்று கீழே இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது என்று அர்த்தமாம். என்னுடையது விட்டு விட்டுத்தான் இறங்கியது. அடுத்து சைலன்சரைக் கழற்றினான், இரண்டே போல்ட்டு. புகை வெளியே வரும் ஓட்டைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்து, கயிற்றை மெல்ல மெல்ல இழுத்தான். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குவது தெரிந்தது. பக்கவாட்டில் கறை இருந்தது. ஆனால் மேலிருந்து கீழாகக் கீறல் விழவில்லை. கம்பெனியில் கடைந்தபோது விழுந்த மெல்லிய குறுக்குவரிகூட அழியாமல் இருந்தது.

"கோடு இல்லண்ணே. இது ஓடிச் சாகல, கெடந்து செத்திருக்கு" என்றான்.

எவ்வளவோ பேர் எவ்வளவோ சொன்னதில் எனக்குத் தெளிவைக் கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் தனியாக ஆயில் டேங்க் கிடையாது, பெட்ரோலோடு கலக்கிற ஆயில்தான் பிஸ்டனுக்கு மசகு. நல்ல டூ-டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண ஆயில் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. அவசரத்தில் பைக் பெட்ரோலை அப்படியே ஊற்றி ஓட்டினால், ஒரு டேங்க் தீர்வதற்குள் பிஸ்டனில் கோடு விழுந்துவிடும். அப்படி ஓடிச் செத்த மிஷின் வேறு ரகம். கிடந்து செத்தது வேறு ரகம்.

கிடக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் தம்பி பிரித்துக் காட்டினான். செயின்சாவைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடித்து அறுக்க வேண்டியிருக்கிறது. அதனால் பைக்கில் இருப்பதுபோல் மிதவை வைத்த கார்புரேட்டர் இதற்கு ஆகாது. மெல்லிய டயாஃப்ரம் ஒன்று துடித்துத் துடித்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். என்னுடையதில் அந்த டயாஃப்ரம் வெயிலில் காய்ந்த அப்பளமாக விறைத்திருந்தது. டேங்குக்குள் இருந்த டியூப் தொட்டவுடன் கையோடு வந்தது. ஃபில்டரில் பிசின். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். நான் மிஷின் வாங்கிய காலத்தில் இதில் பாதிகூடக் கிடையாது. 10 சதவீதத்தை நாடு எட்டியதே 2022-ல்தான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யாத பழைய ரப்பரையும் கெடுக்கும். தினமும் ஓடும் வண்டிக்குப் பரவாயில்லை. வருஷத்துக்கு இரண்டு நாள் ஓடி, மீதி நாளெல்லாம் அரை டேங்க் பெட்ரோலோடு பரணில் கிடக்கும் மிஷினுக்கு அது மெதுவான விஷம்.

மச்சினன் மகனுக்கு நான் சொன்ன பதில் இங்கிருந்துதான் வந்தது. ஆறாயிரம் கொடுத்துப் புதுசு வாங்கலாம். அதையும் இரண்டு நாள் ஓட்டிவிட்டு அதே பரணில்தான் வைக்கப் போகிறோம். மிஷின் மாறும், பரண் மாறாது. இரண்டு வருஷத்தில் அதன் டயாஃப்ரமும் விறைக்கும். அப்போது இன்னொரு ஆறாயிரமா?

இதனால் எல்லாவற்றையும் சரி பண்ணியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் மிஷினையும் அதே பட்டறையில்தான் பிரித்தார்கள். கஜா முடிந்ததும் சீமைக் கருவேலம் அறுக்க ராமநாதபுரம் பக்கம்வரை போய் வந்த மிஷின் அது. பிஸ்டனில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. கிராங்க் சீல் ஒழுகியது. பாரின் தண்டவாளம் தேய்ந்து, செயின் இப்படியும் அப்படியுமாக ஆடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, செயின் பிரேக் பிடிக்கவில்லை. "கஜாவுல சோறு போட்ட மிஷின் தம்பி, எப்படியாவது எழுப்பிக் குடு" என்று அவர் கெஞ்சினார். "எழுப்பலாம் அய்யா. எழுப்பி யாரை அறுக்கறது?" என்றான் அவன்.

நான் அவன் கட்சி. பாரின் நுனி மேல்பாகம் மரத்தில் தட்டினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். முன்னால் இருக்கிற தடுப்பு கையில் பட்டோ, எகிறிய வேகத்திலோ பிரேக் விழுந்து செயின் நிற்க வேண்டும். எழுபதுகளில் வந்து, உலகம் முழுக்க எத்தனையோ முகங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. பிரேக்கைச் சரி பண்ண முடியுமானால் பண்ணலாம், முடியாவிட்டால் அந்த மிஷினுக்கு வீட்டில் இடம் இல்லை. சோறு போட்டது உண்மைதான். அந்தக் கடன் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

புதுசு வாங்குவோருக்கு ஒரு சமாதானமும் இருக்கிறது, ஒரு ஏமாற்றமும் இருக்கிறது. அறுக்கும் பல்லில் பெரிய புதுமை எதுவும் கிடைக்காது. அமெரிக்காவின் ஆரிகன் பகுதியில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப் புழுவை 1946-ல் உற்றுப் பார்த்தார். இடமும் வலமுமாக அதன் தாடை மரத்தைச் சீவிக்கொண்டு போவதைக் கண்டு, செயினின் பல்லையும் அப்படியே அமைத்து, மறுவருஷம் தொழிலே தொடங்கினார். இன்று கடையில் தொங்கும் செயினும் அடிப்படையில் அதுதான். ஒரு வண்டுக்குப் பயந்து மிஷின் வாங்கிய எங்களுக்கு, அதன் பல்லைக் கொடுத்ததும் இன்னொரு வண்டின் புழுதான் என்பது வேடிக்கை. "மிஷின் இழுக்கல" என்று பட்டறைக்கு வருவதில் பலவும் பல் மொண்ணையானவைதான் என்கிறான் தம்பி. தென்னந்தண்டில் சிலிக்கா அதிகம், சீக்கிரமே மழுங்கடித்துவிடும். மரத்திலிருந்து சீவல் சீவலாக வந்தால் பல் இருக்கிறது. மாவாக வந்தால் அரம் போட வேண்டும். ஒரு அரத்தின் விலையில் தீரும் வியாதிக்குப் புது மிஷின் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

புதுசில் நிஜமாகவே கிடைப்பது பிரேக்கும், கையதிர்வைத் தாங்கும் நல்ல ரப்பரும்தான். ஆனால் ஆறாயிரத்து மிஷினில் அவை எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது சந்தேகம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேர்பெற்ற கம்பெனியின் பழைய மாடலுக்கு ஒரு கிளிப் கேட்டால் "வர்றதில்ல சார்" என்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்த சீன மிஷின்களுக்கோ கார்புரேட்டரும் பிஸ்டனும் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கின்றன. ரிப்பேர் பண்ணும் உரிமையைப் பற்றிப் பேசும்போது இது உறுத்துகிறது. செல்போன், வாஷிங் மிஷின், புல்வெட்டி போன்றவற்றுக்கு எவ்வளவு சுலபமாகச் சரி பண்ணலாம் என்று மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்ற விதி பிரான்சில் 2021-ல் நடைமுறைக்கு வந்தது. நம் மத்திய அரசும் 2022-ல் ஒரு குழு போட்டது, விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்தது, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. நல்லது. பட்டறை வாசலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் என்பது ஒரு தகரப் பெட்டி. செத்த மிஷின்களின் உறுப்புகள் அதில் கிடக்கும். எதிர்வீட்டுக்காரர் கடைசியில் மனசு தேறி மிஷினைக் கொடுத்துவிட்டார். அதன் ரீகாயில் ஸ்பிரிங்தான் இன்றைக்கு என் மிஷினுக்குள் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி, இனி என்ன வேலை என்பது. இதில்தான் நான் அதிக நேரம் நின்றேன். கஜா சமயத்தில் பொழுது விடிந்து பொழுது சாயும்வரை அறுத்தோம். ராத்திரி சோற்றில் கை வைத்தால் விரல் மரத்திருக்கும்; சூடு தெரியாது. அதிர்வு நரம்பையும் ரத்தக் குழாயையும் தாக்குவதால், வருஷக்கணக்காக இந்த மிஷின் பிடிக்கும் தொழிலாளிகளுக்கு விரல் வெளுத்துப்போகும் நோயே வருகிறது. எனக்கு அன்றைக்கே ஐம்பத்தைந்து. இப்போது பெட்ரோலும் ஆயிலும் ஊற்றினால் ஆறு கிலோ இருக்கும் மிஷினைத் தோள் உயரத்துக்குத் தூக்க முடிகிறதா என்று பார்த்தால், தூக்க முடிகிறது. பிடித்து நிறுத்த முடியவில்லை. மிஷினுக்கு டயாஃப்ரம் மாற்றிவிடலாம்.

தோப்பிலும் வேலை மாறிவிட்டது. கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. அறுக்க வேண்டிய மரமே இல்லை, இருக்கவும் கூடாது. மிச்சம் இருப்பது முறிந்த கிளை, வேலிப் பூவரசு, அடுப்புக்கு நாலு விறகு. இதற்கு 58 சிசி எதற்கு? சின்ன மிஷினே அதிகம். சொல்லப்போனால் தெருவுக்கே ஒன்று போதும். ஆனால் பொதுவில் இருக்கும் மிஷினுக்கு அரம் போடுவது யார் என்ற தகராறு கார்த்திகைக்குள் வந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே சரி பண்ணிவிட்டேன். டயாஃப்ரம் கிட், டியூப், ஃபில்டர், பிளக், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். தரையில் கிடக்கும் கட்டையை மட்டும்தான் அறுப்பது. நிற்கிற மரம் என்றால் ஆள் கூப்பிடுவது. மச்சினன் மகனும் ஷூவும் கண்ணாடியும் போடாமல் கயிற்றில் கை வைக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளோடுதான் மிஷின் வீட்டுக்குள் திரும்ப வந்தது. வீட்டில் இன்னும் முணுமுணுப்பு ஓயவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தால், புதுசுக்கு ஆர்டர் போடுமுன் சைலன்சரைக் கழற்றி பிஸ்டனை ஒரு தடவை பாருங்கள். கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை இன்றைக்கே வடித்துவிடுங்கள். இனி எப்போது ஓட்டினாலும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிட்டு, அதன்பிறகு எடுத்து வையுங்கள்.